விக்ஸ்ட்ராம் சொன்ன பொய்

ஆர்லன் விக்ஸ்ட்ராமின் வலது கையில் நேரான விரல் ஒன்றுகூடக் கிடையாது. பேஸ்பாலில் கேட்சராக வருடக்கணக்கில் குந்தியவன் கை அப்படித்தான் இருக்கும். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் முகமூடியும் மார்க்கவசமும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, மட்டையில் உரசித் திசை மாறி வரும் பந்தை உடம்பால் வாங்கிக்கொள்வதுதான் அவன் பிழைப்பு. நெப்ராஸ்காவில் மாடு வளர்க்கும் குடும்பம். இருபது வயதில் ஒப்பந்தம் போட்டான். ஊரே வந்து கைகுலுக்கியது. ஒன்பது வருடம் கழித்து, 1983-இல், இன்னும் சிறு லீக்கிலேயே கிடந்தான். அயோவாவில் மிசிசிப்பி ஓரத்துச் சோளக் கிடங்கு ஊரான கார்வர் பெண்டில், கெளுத்திகள் என்ற அணியில். சட்டை மார்பில் மீசை வைத்த மீன் படம்.

அப்பா வாரம் ஒருமுறை போனில் ஒரே கேள்விதான் கேட்பார். "மேல எப்படா கூப்பிடுவாங்க?"

"இந்த வருஷம் ஆயிடும்பா."

மேலே என்றால் பெரிய லீக். எல்லாரும் அதற்காகத்தான் பஸ்ஸில் எட்டு மணி நேரம் முதுகொடியப் பயணம் செய்தார்கள்.

ஆர்லனின் அலமாரிக் கதவில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருந்தது. மஞ்சள் முடி, நீல ஸ்வெட்டர். பெயர் ஜோலீன். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அவள் சித்தப்பா மகள். இவன் நேசித்தது வாரன் என்ற ஆளை. ஓமாஹாவில் மருந்துக்கடை வைத்திருந்தான் வாரன். நான்கு வருடப் பழக்கம். சனிக்கிழமை காலைகளில் பெட்ரோல் பங்க் அருகிலிருந்த போன் கூண்டிலிருந்து ஆர்லன் அவனைக் கூப்பிடுவான். அணிக்காரன் எவனாவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் வாரன் சட்டென்று வாண்டா என்ற பெண் ஆகிவிடுவான். "சரி வாண்டா, அப்புறம் பேசறேன் வாண்டா" என்று ஆர்லன் உரக்கச் சொல்வான். எதிர்முனையில் வாரன் சிரிப்பான். ஆரம்பத்தில் சிரித்தான். நான்காம் வருடம் சிரிக்கவில்லை.

அந்த மே மாதம் மார்செல் திபோடோ வந்து சேர்ந்தான். வயது இருபத்து மூன்று. லூசியானாவில் இறால் படகு வைத்திருக்கும் குடும்பம். ஒல்லிக்குச்சி. பந்தைத் தடுத்தெறியும் ஷார்ட்ஸ்டாப்பாக இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் அவன் நிற்பதைப் பார்த்தால் காற்றடித்தால் விழுந்துவிடுவான் என்று தோன்றும். பந்து வந்துவிட்டாலோ அவன் கைகள் தனியாக வேறு யாருக்கோ சொந்தமானவை போல ஆகிவிடும். அள்ளுவதும் எறிவதும் ஒரே அசைவு. ஆர்லன் ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு ஜோடிக் கைகளைப் பார்த்ததில்லை.

முதல் நாளே ராண்டி பெக்வித் அவனைச் சீண்டினான். பெக்வித் பிட்சர். பந்து வீசுவதில் பாதி வேகம் வாயிலும் இருந்தது.

"டேய் சதுப்புநிலம், உங்க ஊர்ல முதலையத் திம்பீங்களாமே?"

"திம்போம். வால் பக்கம் கோழி மாதிரி இருக்கும்" என்றான் மார்செல், ஷூவைக் கட்டிக்கொண்டே. "தலைப் பக்கம் உன்ன மாதிரி இருக்கும். அத நாய்க்குப் போட்ருவோம்."

அறையே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பெக்வித்தும் சிரித்தான். ஆனால் மறக்கவில்லை.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது மார்செலை ஆர்லனுடன் ஒரே அறையில் போட்டார்கள். மூத்தவன் கூட இருந்தால் புதியவன் ஒழுங்காக இருப்பான் என்று கணக்கு. மூன்றாவது வாரம், மழையால் ஆட்டம் நின்றுபோன ஒரு மத்தியானம், மார்செல் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி பந்தைக் கூரைக்கு எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"விக், அந்த ஜோலீன் யாரு?"

"தெரியாதா? நான் கட்டிக்கப் போறவ."

"மூக்கு அப்படியே உன் மூக்கா இருக்கே."

ஆர்லன் எழுந்துபோய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தான். மார்செல் பந்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத. நானும் உன் ஜாதிதான். எங்க வீட்ல அம்மா, அப்பா, அக்கா எல்லாருக்கும் தெரியும். இங்க இன்னும் யாரும் கேக்கல, நானும் சொல்லல. அவ்ளோதான்."

"யாராவது கேட்டா?"

"கேட்டா பாத்துக்கலாம். பொய் சொல்ல எனக்கு வராது விக். ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம். எந்தப் பொய்ய யார்கிட்ட சொன்னோம்னு."

ஆர்லன் அன்று வாரனைப் பற்றிச் சொன்னான். பெயரைச் சொன்னான். மருந்துக்கடையைச் சொன்னான். வாண்டா கதையைக் கேட்டு மார்செல் கட்டிலில் உருண்டு சிரித்தான். தன் வாழ்க்கையை ஒரு சக ஆட்டக்காரனிடம் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்ன அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஆறு வாரம், ஆர்லனுக்குத் தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. இருவருக்கும் நடுவில் வேறெதுவும் இல்லை. நல்ல சிநேகிதம், அவ்வளவுதான். தாழ்வாக வரும் பந்துகளை எப்படி அடிப்பது என்று ஆர்லன் சொல்லிக் கொடுத்தான். பெக்வித்தின் வாயை எப்படி அடைப்பது என்று மார்செல் சொல்லிக் கொடுத்தான்.

ஜூலை முதல் வாரம் பியோரியாவில் ஆர்லனுக்குக் கடுமையான காய்ச்சல். போர்வைக்குள் நடுங்கினான். மார்செல் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தான், நெற்றியில் கைவைத்துப் பார்த்தான், துண்டை நனைத்துப் போட்டான். காலையில் காய்ச்சல் விட்டிருந்தது.

அடுத்த வாரம் விடுமுறை நாளில் பெக்வித்தும் இன்னும் இரண்டு பேரும் டேவன்போர்ட்டுக்குப் போயிருந்தார்கள். அங்கே ஒரு மதுக்கூடத்திலிருந்து மார்செல் வேறொருவனுடன் கைகோர்த்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் பெக்வித் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"டேய் திபோடோ. நீ ஒம்போதாமே?"

அறையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் ஷூக்கயிற்றைப் பார்த்தார்கள். மார்செல் சட்டையின் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"எனக்கு ஆம்பளைங்களத்தான் புடிக்கும். உன்ன இல்ல, பயப்படாத. வேற ஏதாவது கேக்கணுமா? ஆட்டம் ஆறரைக்கு."

யாரும் சிரிக்கவில்லை.

ஆர்லன் தன் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, இல்லாத எதையோ தேடினான்.

அதற்குப்பின் பத்து நாள். தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு காகிதக் கோப்பை மட்டும் தனியாக வைக்கப்பட்டது, மையால் குறிபோட்டு. எய்ட்ஸ் என்ற அந்தப் புது நோயைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுத ஆரம்பித்திருந்த வருடம் அது. மார்செல் குளிக்கப் போனால் குளியலறை காலியாகும். அவன் ஷூக்கள் கழிப்பறைத் தொட்டிக்குள் கிடந்தன. எடுத்துக் கழுவி, ஈரத்தோடு போட்டுக்கொண்டு ஆடினான். அந்தப் பத்து நாளில் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. அவன் காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்களில் ஒன்று பெக்வித் வீசியது. ஆட்டம் முடிந்து எல்லாரும் வரிசையாக ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டபோது பெக்வித் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

ஆர்லன் அறையில் மார்செலுடன் பேசினான். வெளியே பேசவில்லை. பஸ்ஸில் வேறு இருக்கைக்கு மாறினான்.

"பரவால்ல விக்" என்றான் மார்செல் ஒருநாள், கேட்காமலேயே. "உன் நெலமை எனக்குத் தெரியும்."

அந்தப் பரவாயில்லைதான் பின்னாளில் ஆர்லனை அதிகம் அறுத்தது.

பதினோராம் நாள் மத்தியானம் ஷ்ரோடர் கூப்பிட்டனுப்பினார். பயிற்சியாளர். கேப்டன் என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். கத்தாத மனிதர். மேசைமேல் பன்றிக்கறி சாண்ட்விச்சைப் பிரித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"கதவச் சாத்து. உக்காரு. மேல இருக்கற கேட்சருக்குக் கட்டைவிரல் ஒடஞ்சு போச்சு. நாளைக்குக் காலைல எனக்கு போன் வரும். யார அனுப்பலாம்னு கேப்பாங்க."

ஆர்லன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

"அது இருக்கட்டும்" என்றார் ஷ்ரோடர். "அந்தப் பையன் விஷயம். பெக்வித்தும் நாலஞ்சு பேரும் அவன் இருந்தா ஆடமாட்டோம்கறாங்க. நீ மூத்தவன். உன் பேச்ச அவங்க கேப்பாங்க. நீதான் ரெண்டு மாசமா அவன்கூட ஒரே ரூம்ல இருக்க. சொல்லு. ஏதாவது நடந்துதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவனைவிட நல்ல ஷார்ட்ஸ்டாப் இந்த லீக்கிலேயே கிடையாது கேப்டன், பெக்வித்தை நான் பார்த்துக்கறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாக்கில் இருந்ததை ஆர்லன் பிற்காலத்தில் பல தடவை சத்தியம் செய்து சொன்னான். ஆனால் ஷ்ரோடர் மெல்வதை நிறுத்தாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் அவனுடன் ஒரே அறையில் இருந்தும் உனக்குப் புகார் இல்லை என்றால் நீயும் அவனைப் போன்றவன்தானா என்று அந்தப் பார்வை கேட்பதாக ஆர்லனுக்குப் பட்டது.

"கட்டில்கிட்ட வந்தான்" என்றான்.

"யாரு?"

"திபோடோ. பியோரியால. நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு."

ஷ்ரோடர் மெல்வதை நிறுத்தினார். "தொட்டானா?"

"தொட்டான்."

"சரி" என்றார் ஷ்ரோடர். ஒரு காகிதத்தை இழுத்து ஏதோ எழுதினார். "போ. பெட்டிய ரெடியா வச்சுக்க."

நான்கு மணிக்குள் மார்செலின் அலமாரி காலி. ஆர்லன் வாகனம் நிறுத்துமிடம் வழியாகப் பின்பக்கமாக நழுவப் பார்த்தான். மார்செல் அங்கே துணிப்பையின் மேல் உட்கார்ந்து, ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தான்.

"பியோரியால நான் உன் பக்கத்துல வந்தேனாமே."

"மார்செல், நான்..."

"உனக்குக் காய்ச்சல்டா. பல்லு கிட்டிப்போய்க் கெடந்த. தண்ணி குடுத்தேன். நெத்தியத் தொட்டுப் பாத்தேன். அதையா சொன்ன?"

ஆர்லன் தரையைப் பார்த்தான்.

"அதையா சொன்ன, விக்?"

"நீ ஏன் என்னப் பத்தி அவர்கிட்ட சொல்லல?"

மார்செலின் முகத்தில் முதல்முறையாக அருவருப்பு தெரிந்தது. "சொல்லி? பெக்வித்துக்கு ஒரே நாள்ல ரெண்டு கிறிஸ்துமஸா குடுக்கச் சொல்ற?" என்று சொல்லிவிட்டு எழுந்தான். பஸ் வந்துகொண்டிருந்தது. "மேல போகப் போறியாமே. நல்லா ஆடு."

கேலியாகச் சொன்னானா, உண்மையாகவா என்று ஆர்லனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பெரிய லீக்கில் ஆர்லன் இருந்தது பத்தொன்பது நாள். பதினான்கு தடவை மட்டை பிடித்தான், இரண்டு தடவை அடித்தான். அப்பாவும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள். பல்லாயிரக்கணக்கானவர்கள் இருந்த மைதானத்தில் அப்பா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார், தேவாலயத்தில் நிற்பதுபோல. ஆட்டம் முடிந்ததும் மகனின் வளைந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "இது போதும்டா எனக்கு" என்றார். ஆர்லன் தலையை ஆட்டினான். அங்கேயும் உடைமாற்றும் அறை இருந்தது. அங்கேயும் பெக்வித்துகள் இருந்தார்கள். அதே ஜோக்குகள். ஆர்லன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். கட்டைவிரல் குணமானவன் திரும்பி வந்ததும் இவனைக் கீழே அனுப்பிவிட்டார்கள். கெளுத்திகள் அந்த வருடம் லீக் கோப்பையை வென்றார்கள்.

சீசன் முடிந்து ஓமாஹாவுக்குப் போனவன், வாரனிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். வாரன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"பயந்தது புரியுது. வாயத் தொறக்காம இருந்தது கூடப் புரியுது. நானும் பயந்தவன்தான். ஆனா காய்ச்சல்ல நெத்தியத் தொட்டுப் பாத்தவன இப்படிக் காட்டிக் குடுத்திருக்க. நாளைக்கு எனக்கு ஒடம்புக்கு முடியலன்னா நீ என் பக்கத்துல வருவியா? எவனாவது பாத்துடுவான்னு ஓடுவியா?"

"வருவேன் வாரன்."

"எனக்கு நம்பிக்கையில்ல."

கிறிஸ்துமஸுக்கு முன்பே வாரன் கடையை விற்றுவிட்டு வடக்கே போய்விட்டான். முகவரி கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்தில் ஆர்லனின் முழங்கால் போனது. அணி அவனை விடுவித்தது. சொந்த ஊருக்குப் போக மனமில்லாமல் கார்வர் பெண்டிலேயே, அதே மைதானத்தில், புல் வெட்டிக் கோடு போடும் வேலையில் சேர்ந்துகொண்டான். ஜோலீனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டதாக ஊர் தானாகவே பேசிக்கொண்டது. பாவம் விக்ஸ்ட்ராம், மனசு உடைஞ்ச மனுஷன் என்று தேவாலயத்துப் பெண்கள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த உணவைத் தட்டில் மூடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். தனியாகச் சாப்பிட்டான். இருபத்து மூன்று வருடம் இப்படியே போனது.

2008 தொடக்கத்தில், திறமைசாலிகளைத் தேடி ஊர் ஊராகச் சுற்றும் ஒரு கிழவர் மைதானத்துக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். "எண்பத்து மூணுல இங்க ஒரு பையன் ஆடினானே, திபோடோ. போன வருஷம் அவங்க ஊர்ப்பக்கம் பாத்தேன். படகுல வலை இழுக்கற வின்ச்சுல மாட்டி இடது கைல மூணு விரல் போயிருக்கு. அந்தக் கை, கடவுளே."

ஆர்லன் அந்த வாரமே தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு தெற்கே ஓட்டினான். இரண்டு நாள்.

வீடு மரக்கால்களின் மேல் உயரமாகக் கட்டியிருந்தது, புயல் வெள்ளத்துக்குப் பயந்து. கீழே நிழலில் நரைத்த பெண்ணொருத்தி வாளியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மார்செலின் அக்கா ஓடில். இவன் பெயரைச் சொன்னதும் அவள் கை நின்றது. மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மார்செல்! உன் காய்ச்சல்காரர் வந்திருக்கார்."

அந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர் என்று ஆர்லன் புரிந்துகொண்டான். அவள் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

மார்செல் படியிறங்கி வந்தான். உடம்பு கனத்திருந்தது, தலை நரைத்திருந்தது. இடது கையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். இருவரும் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்தார்கள். ஆர்லன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான். தப்பு செய்துவிட்டேன், பொய் சொன்னேன், பயந்தேன், என்னை மன்னித்துவிடு. மார்செல் கடைசிவரை கேட்டான்.

"என்ன ஆச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்றான் பிறகு. "நாலு டீம்ல கேட்டேன். நாலு பேரும் ஷ்ரோடருக்கு போன் பண்ணாங்க. ஆம்பளைய விரும்பறவன்னு மட்டும் சொல்லியிருந்தா ஒருத்தனாவது எடுத்திருப்பானோ என்னமோ. தூங்கறவன் மேல கை வைக்கறவன்னா எவன் எடுப்பான்? அந்தப் பேச்சு இங்க வரைக்கும் வந்துடுச்சு. எங்கப்பா சாகற வரைக்கும் அண்ணன் பசங்களப் படகுல என்கூடத் தனியா அனுப்பல. அவருக்கு நான் எப்படிப்பட்டவன்னு முன்னாடியே தெரியும். அம்மா சொல்லி, ஒரு வழியா ஒத்துக்கிட்டாரு. இதத்தான் அவரால ஒத்துக்க முடியல. அண்ணன் இன்னிக்கும் அப்படித்தான்."

ஆர்லன் அழுதான். மார்செல் அவனைத் தேற்றவில்லை.

"இதச் சொல்ல எதுக்கு ரெண்டு நாள் வண்டி ஓட்டிட்டு வந்த? நீ பொய் சொன்னன்னு எனக்குத்தான் மொதல்லேர்ந்தே தெரியுமே. எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்ற. தெரியாதவங்க இருக்காங்கல்ல? அவங்ககிட்ட போய்ச் சொல்லு."

அந்த ஜூலையில் கெளுத்திகள் கோப்பை வென்ற இருபத்தைந்தாவது வருடத்தைக் கொண்டாடினார்கள். பழைய ஆட்டக்காரர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். பார்வையாளர் மாடத்துக்கு அடியிலிருந்த அறையில் மத்தியானச் சாப்பாடு. சுட்ட சாசேஜ், வேகவைத்த சோளம், செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை. எண்பத்தொரு வயது ஷ்ரோடர் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் இருந்தார். கார் வியாபாரியாகிவிட்ட பெக்வித் எல்லார் முதுகிலும் தட்டிக்கொண்டு திரிந்தான். மறைந்தவர்களுக்காக மௌனம் அனுசரித்து முடித்ததும் ஆர்லன் எழுந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"மார்செல் திபோடோ என்மேல கை வைக்கல. நான் கேப்டன்கிட்ட சொன்னது பொய். எனக்குக் காய்ச்சல், அவன் பாத்துக்கிட்டான். அவ்ளோதான் நடந்தது. நானும் அவன மாதிரி ஆளுதான். அத மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அந்த ஜோலீன் என் சித்தப்பா பொண்ணு."

பிறகு பெக்வித் நாற்காலியை நகர்த்தினான்.

"விக், உக்காருடா. எல்லாருக்கும் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ யாருன்னு. வாண்டாவும் மண்ணாங்கட்டியும். எண்பத்தொண்ணுலயே ஒரு தடவ போன் கூண்டுல நீ 'வாரன், வச்சுடாத வாரன்'னு கெஞ்சிக்கிட்டு இருந்த. பின்னாடி நான் நின்னுட்டு இருந்தேன். பஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

ஆர்லன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாரும் மறுக்கவில்லை. மூன்றாம் தளத்தில் ஆடியவன் சோளத்தின் முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என்ன ஏன் ஒண்ணும் பண்ணல?"

"நீ எங்க கேட்சர்" என்றான் பெக்வித், குழந்தைக்குச் சொல்வதுபோல. "நீ வாயத் தொறக்கல. படத்த ஒட்டி வச்சுக்கிட்டு, சிரிக்கற எடத்துல சிரிச்சுக்கிட்டு ஒழுங்கா இருந்த. எங்களுக்கு என்ன வந்துச்சு? அவன் எழுந்து நின்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான்ல. அதான் பொறுக்கல. அந்தக் காலம் அப்படி. இப்ப எவன் கண்டுக்கறான், பை சாப்பிடு."

இரண்டு மூன்று பேர் எழுந்துவந்து ஆர்லனின் தோளைத் தட்டினார்கள். ஒருவன் மட்டும், அந்நாளில் வலப்பக்கம் வெகுதூரத்தில் நின்று ஆடிய ஹார்லி, "அந்தக் காகிதக் கோப்பைல மையால குறிபோட்டது நான்தான்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனான்.

ஷ்ரோடரின் நாற்காலியை ஆர்லன்தான் வாகனம்வரை தள்ளிக்கொண்டு போனான். நடைபாதையில் நிறுத்தி, முன்னால் வந்து குனிந்தான்.

"உங்களுக்கும் தெரியுமா கேப்டன்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்ன ஏன் கேட்டீங்க?"

கிழவர் மூச்சு வாங்கினார். "பையன அனுப்ப எனக்கு ஒரு காரணம் வேணும். நல்லா ஆடறவன வெறுமனே அனுப்பினா மேல கேள்வி கேப்பாங்க. வேற எவன அவன்கூட ரூம்ல போட்டிருந்தாலும், ஒண்ணும் நடக்கல கேப்டன்னு சொல்லியிருப்பான். நீ மறைக்க வேண்டியது இருக்கறவன், உன்கிட்ட கேட்டா என்ன வரும்னு எனக்குத் தெரியும்."

"நான் சொன்னத நம்பினீங்களா?"

"நான் எதுக்கு நம்பணும்? எழுதிக்கிட்டேன்."

அதையே ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று ஆர்லன் கேட்டான். ஷ்ரோடர் தலையசைத்தார், முடியாது என்று. அக்டோபரில் இறந்துபோனார். ஊர்ப் பத்திரிகை அவருக்கு முதல் பக்கம் கொடுத்தது.

ஆர்லனின் கடிதத்தை அதே பத்திரிகை ஆகஸ்டிலேயே ஆறாம் பக்கத்தில், சோயா விலைக்குக் கீழே போட்டிருந்தது. பன்னிரண்டு வரி. தன் பெயர், மார்செலின் பெயர், சொன்ன பொய், நடந்த உண்மை. அதற்குப் பிறகு மூடிய தட்டுகள் வரவில்லை. ஊரில் யாரும் அவனை வைதுவிடவில்லை. மளிகைக்கடையில் ஒரு பெண் நின்று, தைரியமான காரியம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் உயர்நிலைப் பள்ளி அணி பயிற்சிக்கு வரும் நாட்களில் அவன் மைதானத்தில் இருக்கவேண்டாம் என்று பெற்றோர் சிலர் அணி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டார்கள். மேலாளர் தர்மசங்கடத்தோடு வந்து சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க விக். நீங்க காலைலயே வந்து முடிச்சிட்டுப் போயிடுங்க."

"சரி" என்றான் ஆர்லன். அந்தச் சரியைச் சொல்லும்போது, லூசியானாவில் படகில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனை முதல்முறையாக முழுதாகப் புரிந்துகொண்டதாக அவனுக்குத் தோன்றியது. அது ஆறுதலாக இல்லை.

பத்திரிகைத் துண்டை மார்செலுக்கு அனுப்பியிருந்தான். பதில் வரவில்லை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, மைதானத்தில் குழாய்களிலிருந்து தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பேப்பர் வந்துச்சு" என்றான் மார்செல்.

"அங்க சொல்லிட்டேன் மார்செல். எல்லார்கிட்டயும். அவங்களுக்கு என்னப் பத்தி முன்னாடியே தெரியுமாம். எல்லாருக்கும். ஷ்ரோடருக்கும்."

மறுமுனையில் ஏதோ இன்ஜின் ஓடியது.

"அப்ப நீ சும்மாவே பண்ணியிருக்க."

"ஆமா."

"சும்மாவே" என்றான் மார்செல் மறுபடி. கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. "ஓடில் அந்தப் பேப்பர அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா. அண்ணன் படிக்க மாட்டேன்னுட்டான். பெரியவன் படிச்சிருக்கான், அண்ணன் மகன். முப்பத்து மூணு வயசு. போன ஞாயித்துக்கிழம இங்க வந்தான். படகுத்துறைல வந்து நின்னான். ஏறுடான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, இல்ல சித்தப்பா, இன்னொரு நாள்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

ஆர்லன் குழாயின் திருகை மூடினான்.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"இல்ல."

"சரி. வலைய இறக்கணும். வைக்கறேன்."

ஆர்லன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மீதிக் குழாய்களையும் வடித்தான். உறைபனி வருவதற்குள் முடிக்கவேண்டிய வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு அதற்கு முன்பே கிளம்பிவிட்டான்.